டெக்சஸில் செய்யும் இளம் போர்பன் விஸ்கி ஏன் இவ்வளவு இனிக்கிறது? சர்க்கரை கலக்கிறார்களா?

கலப்பதில்லை. போர்பன் விஸ்கி என்று லேபிளில் போட வேண்டுமானால், அமெரிக்கச் சட்டப்படி தண்ணீரைத் தவிர எதையும் சேர்க்கக் கூடாது, நிறத்துக்குக்கூட. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடித்ததை, உள்பக்கம் நெருப்பில் கரித்த புது ஓக் பீப்பாயில்தான் ஊற்றி வைக்க வேண்டும். போர்பனுக்குப் பேர்போன கென்டக்கி மாநிலத்தில்தான் செய்ய வேண்டும் என்று விதியில்லை, அமெரிக்காவுக்குள் எங்கும் செய்யலாம்.

நான் குடித்துப் பார்த்தது கேரிசன் பிரதர்ஸ் வடிசாலையின் ‘ஸ்மால் பேட்ச்’ போர்பன். ஆஸ்டினுக்கு மேற்கே ஹை என்ற குட்டி ஊரில் வடிக்கிறார்கள். டெக்சஸில் சட்டப்படி போர்பன் வடித்த முதல் வடிசாலை அதுதான். 2010இல் விற்பனை தொடங்கியது. 47 சதவீதம் ஆல்கஹால். ராவாகக் கொஞ்சமாக ஊற்றி, சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தேன். மூக்கருகே கொண்டுபோனதும் கருப்பட்டிப் பாகு காய்ச்சுவது போல ஒரு மணம், பின்னாலேயே வெனிலா. நாக்கில் பட்டதும் முதலில் தெரிவது இனிப்புதான். அப்புறம் லேசாகப் பட்டையின் காரம், விழுங்கிய பிறகு ஈறில் ஒட்டிக்கொள்ளும் ஓக்கின் துவர்ப்பு. நடுவே பச்சை மக்காச்சோள வாடை ஒன்று எட்டிப் பார்க்கிறது. இளசு என்று காட்டிக்கொடுப்பது அதுதான். எனக்கு அது பிடித்தே இருந்தது.

சரி, இனிப்பு எங்கிருந்து வருகிறது? மக்காச்சோளத்தின் சர்க்கரை நொதிக்கும்போதே ஆல்கஹாலாகிவிடும். மிச்சம் இருந்தாலும் வடிக்கும்போது மேலே ஏறி வராது. நாம் இனிப்பு என்று உணர்வதில் பெரும்பங்கு பீப்பாயின் வேலை. மரத்தைக் கரிக்கும்போது அதிலுள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள் உடைந்து கேரமல் சுவையாகிறது, லிக்னின் என்ற இன்னொரு மரப்பொருளிலிருந்து வெனிலா மணம் தரும் வெனிலின் வருகிறது. கேரிசன் பிரதர்ஸ்காரர்கள் காரம் தரும் ரை என்ற தானியத்தை விட்டு கோதுமை சேர்ப்பதால் மென்மை கூடிவிடுகிறது.

மீதி டெக்சஸ் வெயிலின் கைங்கர்யம். சூட்டில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் இறங்கும், குளிரும்போது சாரத்தோடு வெளியே வரும். கென்டக்கியில் பல ஆண்டுகள் பிடிப்பது இங்கே சீக்கிரம் நடந்துவிடுகிறது. பெங்களூரு அம்ருத் விஸ்கி சில ஆண்டுகளிலேயே பக்குவப்படுவதும் இப்படித்தான். ஆனால் ஆவியாகிப் போவதும் அதிகம். அந்த வெயிலில் ரொம்ப நாள் விட்டால் மரச் சுவைதான் மிஞ்சும், அதனால் வயது குறைவு என்று இதை ஒதுக்காதீர்கள்.

லேபிளில் ‘ஸ்ட்ரெய்ட்’ என்று இருந்தால் குறைந்தது 2 ஆண்டு பீப்பாயில் இருந்தது என்று பொருள். 4 ஆண்டுக்குக் குறைவென்றால் வயதையும் போட்டாக வேண்டும். வாங்கும்போது பாருங்கள். கோலா மட்டும் ஊற்ற வேண்டாம், இருக்கும் மணமெல்லாம் அதில் அமுங்கிவிடும். துவர்ப்பு அதிகமாகத் தெரிந்தால் சில சொட்டுத் தண்ணீர் போதும்.