பனிச்சறுக்கு பார்க்கில் தைரியம் விலைக்குக் கிடைக்குமா?

ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்கு, அதாவது குதிப்பதற்கென்றே மேடுகளும் தடைகளும் அமைத்த பார்க்கில் சாகசம் செய்யும் வகை, பழகத் தொடங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: பயம் போக எதை வாங்குவது? சில கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சாதாரணச் சரிவுகளில், செங்குத்தானவற்றிலும் கூட, நன்றாகவே இறங்குகிறேன். ஆனால் பார்க்கில் சின்ன ஜம்ப் எதிரே வந்ததும் கால் தானாகப் பிரேக் போட்டுவிடுகிறது. முன்னும் பின்னும் வளைந்த ட்வின்-டிப் ஸ்கீ வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கையில் இருக்கும் ஸ்கீயே ஆரம்ப ஜம்புகளுக்குப் போதும். சிக்கல் அந்தப் பிரேக்கில்தான் இருக்கிறது.

பார்க் ஜம்பில் ஏறும் மேடு, நடுவில் தட்டையான பகுதி, அப்புறம் கீழே இறங்கும் சரிவு என்று மூன்று பகுதிகள் உண்டு. சரிவில் இறங்கினால் விழும் வேகத்தில் பெரும்பகுதி சரிவோடு வழுக்கிப் போய்விடும். முழங்காலுக்கு அதிக வேலை இல்லை. தட்டைப் பகுதியிலோ சரிவு தொடங்கும் விளிம்பிலோ விழுந்தால் மொத்த அடியும் காலுக்குத்தான். கடைசி நொடியில் பயந்து வேகத்தைக் குறைப்பவர்கள் சரியாக அங்கேதான் போய் விழுகிறார்கள். வலிக்கிறது. அடுத்த முறை இன்னும் அழுத்திப் பிரேக் போடுகிறார்கள், இன்னும் வலிக்கிறது. பயந்தது சரிதான் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. அதற்காக வேகத்தை அள்ளிக்கொண்டு போகவும் கூடாது. சரிவைத் தாண்டிக் கீழே தட்டையில் விழுவது அதைவிட மோசம்.

ஆகவே முதலில் வேகத்தை முடிவு செய்யுங்கள். தட்டைப் பகுதி ஏறக்குறைய இல்லாத மிகச் சின்ன ஜம்பாகப் பார்த்து, குதிக்காமல் அதன் மேல் மெதுவாகச் சறுக்கிப் போய் வாருங்கள். அந்த ஜம்பை நன்றாக அறிந்த ஒருவர் எங்கிருந்து கிளம்புகிறார் என்று கவனித்து, அவர் பின்னாலேயே அதே வேகத்தில் போங்கள். கிளம்பும் இடம் முடிவாகிவிட்டால் நடுவில் பிரேக்குக்கு வேலை இல்லை. மேட்டில் ஏறும்போது ஸ்கீ இரண்டும் தட்டையாக, நேராக இருக்க வேண்டும். விளிம்பால் பனியைக் கீறினால் காற்றில் உடல் சாயும். உச்சி வந்ததும் இரண்டு கால்களையும் சமமாக நிமிர்த்தி நீங்களே குதியுங்கள். சும்மா நின்றால் மேடு உங்களைத் தூக்கி எறியும். பின்பக்கம் சாய்ந்து விழுபவர்களில் பெரும்பாலோர் இப்படி எறியப்பட்டவர்கள்தான்.

அதே ஜம்பைச் சலிக்கும்வரை செய்யுங்கள். சலிப்பு தட்டினால் நல்லது, அடுத்த அளவுக்குப் போகலாம். இடையிடையே எளிய சரிவில் பின்னோக்கி, அதாவது ஸ்விட்ச் நிலையில், சறுக்கிப் பழகுங்கள். 180 பாகைத் திருப்பத்துக்கு அதுதான் பாதி வேலை. இதற்கெல்லாம் செலவே இல்லை. செலவழித்தே ஆக வேண்டும் என்றால் ஃப்ரீஸ்டைல் கற்பிக்கத் தனிப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் ஓரிரு வகுப்புக்குப் போங்கள். நீங்கள் தடுமாறுவது மேட்டுக்கு வரும்போதா, கிளம்பும்போதா, காற்றிலா, இறங்கும்போதா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். உள்ளே இருந்துகொண்டு அதை நாமே கண்டுபிடிப்பது கடினம்.

கேள்வி: இப்போது ஸ்விட்ச் பழகிவிட்டேன், ட்வின்-டிப் வாங்கலாம் என்று இருக்கிறேன். பிரபல போட்டி வீரர் பெயர் போட்ட மாடல் ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: ட்வின்-டிப் எடுக்க இதுவே சரியான நேரம். 1998-இல் சாலமன் நிறுவனம் டெனெய்ட்டி என்ற ஸ்கீயைக் கொண்டு வந்தபோது, அதன் பின்னால் இருந்தவர்கள் மைக் டக்ளஸ் உள்ளிட்ட கனடாவின் மொகல் (பனி மேடுகள் நிறைந்த சரிவில் இறங்கும் போட்டி) சறுக்கு வீரர்கள். பின்னோக்கிக் கிளம்பவும் இறங்கவும் பின்முனையும் வளைந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. பின்னோக்கிப் போகாதவருக்கு அந்த வளைவால் பெரிய லாபம் இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

ஆனால் வீரர் பெயர் போட்ட மாடலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய ஜம்பில் வேகமாக வந்து இறங்குபவருக்காகச் செய்தது என்றால் ஸ்கீ விறைப்பாக இருக்கும். சின்ன ஜம்பிலும், மேலே ஏறிச் சறுக்கும் அகலப் பெட்டியான பாக்ஸிலும் பழகுபவருக்கு அது மரக்கட்டை மாதிரி முரண்டு பிடிக்கும். மிதமான நெகிழ்வு போதும். ஸ்கீயின் இடுப்பு, அதாவது நடுப்பகுதியின் அகலம் 80 முதல் 95 மி.மீ.க்குள் இருப்பதுதான் பார்க் ஸ்கீகளில் வழக்கம். நிறுத்தி வைத்தால் முனை உங்கள் மூக்குக்கும் நெற்றி உச்சிக்கும் நடுவில் வரட்டும். இரு முனையும் வளைந்திருப்பதால் பனியில் படும் நீளம் குறைவு, அதனால் வழக்கமான ஸ்கீயைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் தொந்தரவில்லை.

பூட்டை ஸ்கீயோடு பிடித்துக்கொள்ளும் பைண்டிங்கை ஸ்கீயின் நட்டநடுவில் பொருத்தச் சொல்லும் நண்பர்கள் கட்டாயம் இருப்பார்கள். சுழல்வதற்கும் ஸ்விட்சுக்கும் அது நல்லதுதான். ஆழமான புதுப் பனியில் முன்முனை புதைய வாய்ப்புண்டு. பார்க்கிலேயே நாள் முழுக்க இருக்கப்போவதில்லை என்றால் தயாரிப்பாளர் குறித்திருக்கும் கோட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். ஒரு முறை துளை போட்ட பின் மனசு மாறினால் பக்கத்தில் இன்னொரு துளை போடுவதற்கும் எல்லை உண்டு. இன்னொன்று: சில மாடல்கள் அடுத்த பருவத்தில் மேல் ஓவியம் மட்டும் மாறி வரும், உள்ளே அதே மரம், அதே வடிவம். அப்படிப்பட்டதில் போன வருட ஓவியத்தை வாங்குவதில் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: ஒவ்வொரு முறை இறங்கும்போதும் முன்காலெலும்பில் பயங்கர வலி. மென்மையான பூட் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: வாங்குவதற்கு முன், இப்போதிருக்கும் பூட் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் சாய்ந்து இறங்கும்போது குதிகால் மேலெழும்பி, உடல் முன்னுக்கு வீசப்படும்போது எலும்பு பூட்டின் நாக்கில் மோதுகிறது. கால் உள்ளே நகர இடம் இருக்கும்வரை பூட் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் இது தொடரும்.

சோதிப்பது எளிது. உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விடுங்கள். விரல்நுனி முன்சுவரைத் தொடட்டும். குதிகாலுக்குப் பின்னால் ஒரு செ.மீ. முதல் இரண்டு செ.மீ. வரை இடைவெளி இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் பூட் பெரியது. கடையில் போட்டவுடன் மெத்தென்று இருக்கும் பூட்டைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். உள்ளுறை நாளடைவில் அமுங்கி இடம் விடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். புதிதில் விரல்நுனி லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் பின்வாங்க வேண்டும். ஒரே சாக்ஸ், மெல்லியது. வலிக்கு இரண்டு சாக்ஸ் போடுவது நிலைமையைக் கெடுக்கும்.

விறைப்பு எண் பற்றிப் பெட்டியில் போட்டிருப்பதை நம்பி ஒப்பிடாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 100 இன்னொரு நிறுவனத்தின் 100 அல்ல. அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. போட்டுக்கொண்டு முன்னால் அழுத்திப் பாருங்கள். மூன்று துண்டாகச் செய்த, நாக்கு தனியாக உள்ள பூட்டுகள் பார்க்கில் பிரபலமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அழுத்த அழுத்தச் சீராக எதிர்ப்புக் கூடும், திடீரென்று முட்டி நிற்காது. குதிகாலுக்குக் கீழே அதிர்வு தாங்கும் அடுக்கு இருந்தால் இன்னும் நல்லது. எல்லாச் சாமான்களிலும் முதல் பணத்தை பூட்டில் போடுங்கள் என்பேன். ஸ்கீயை வாடகைக்கு எடுத்துக்கொண்டே பல பருவங்கள் ஓட்டலாம். பிறர் காலுக்கு அமுங்கிய பூட்டில் துணிச்சல் வராது.

கேள்வி: ஜம்பில் இறங்கும்போது ஸ்கீ கழன்றுவிடுகிறது. பைண்டிங்கின் திருகை நாமே இறுக்கிக்கொள்ளலாம் என்கிறான் நண்பன்.

பதில்: வேண்டாம். எவ்வளவு விசையில் ஸ்கீ கழல வேண்டும் என்பதற்கு அந்தத் திருகில் ஓர் எண் உண்டு. அது உங்கள் எடை, உயரம், வயது, பூட் அடிப்பகுதியின் நீளம், நீங்கள் எந்த வகைச் சறுக்குபவர் என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்கிடுவது. முறையான கடைகள் ஐஎஸ்ஓ 11088 தரத்தின்படி இதைச் செய்கின்றன. வேகமாக, முரட்டுத்தனமாக ஓட்டுபவர் என்று உண்மையைச் சொன்னால் அட்டவணையே எண்ணைக் கூட்டித் தரும். அதற்கும் மேல் இறுக்கினால், கழல வேண்டிய நேரத்தில் ஸ்கீ கழலாது. திருகும் விசை முழுவதும் முழங்கால் தசைநாருக்குப் போகும்.

தவறாகக் கழல்வதற்கு எண் மட்டுமே காரணம் அல்ல. பூட் அடியில் பனி ஒட்டியிருக்கலாம், பூட் மாற்றிய பிறகு, பைண்டிங் பூட்டை முன்னும் பின்னும் அழுத்திப் பிடிக்கும் முன்னழுத்தம் சரிசெய்யப்படாமல் இருக்கலாம், பூட் முனை தேய்ந்திருக்கலாம். அப்புறம், நடக்க வசதியான கிரிப்வாக் அடிப்பகுதி உள்ள பூட்டைப் பழைய பைண்டிங்கில் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். பைண்டிங்கில் கிரிப்வாக் பொருந்தும் என்று குறித்திருந்தால் மட்டுமே அது சரி. கடைக்கு பூட், ஸ்கீ இரண்டையும் எடுத்துப் போய்ச் சோதிக்கச் சொல்லுங்கள். புது பைண்டிங் எடுப்பதானால் உங்கள் எண் அதன் வீச்சின் ஓரத்தில் இல்லாமல் நடுவில் விழும்படி எடுங்கள்.

கேள்வி: தரச் சான்று உள்ள ஹெல்மெட்டைப் பழையதாக வாங்கலாமா? முதுகுக் காப்பும் தேவையா?

பதில்: பழைய ஹெல்மெட் மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் நுரை ஒரு பலத்த அடியை வாங்கி நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. நசுங்கியது பழைய நிலைக்குத் திரும்பாது, வெளியே தெரியவும் தெரியாது. விற்பவர் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இஎன் 1077 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2040 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவதில் ஏ, பி என்று இரு வகுப்புகள். ஏ வகுப்பு காதுப் பக்கம் உட்படக் கூடுதல் பரப்பைக் காக்கும். ஆனால் இஎன் 1077 சோதனையில் ஹெல்மெட்டை விழவைக்கும் உயரம் 1.5 மீட்டர்தான். தரையில் மோதும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. பெரிய ஜம்பில் நடக்கும் விபத்து இதைவிட வேகமானது. சான்றைப் பார்த்துத் தைரியம் கூட்டிக்கொள்ள இடமில்லை.

முதுகுக் காப்பு நல்லதுதான். ஆனால் ரெயில், அதாவது இரும்புக் கம்பி மேல் சறுக்குவது, பழகும் காலத்தில் அதைவிட அதிகம் உழைப்பது இடுப்பும் வால் எலும்பும் மூடும் திண்டு வைத்த அரைக்கால் உடை. விழுவது பெரும்பாலும் அங்கேதான். விழுந்தாலும் எழுந்து மறுபடி முயல முடிந்தால்தான் பழக்கம் வளரும்.

கண்ணாடியையும் பலர் கவனிப்பதில்லை. மேகமூட்டத்தில் எல்லாம் ஒரே வெண்மையாகிவிடும், மேட்டின் விளிம்பே தெரியாது. மங்கிய ஒளிக்கு வெளிச்சம் அதிகம் விடும் லென்ஸ் ஒன்று தனியாக இருக்கட்டும்.

கேள்வி: 12 வயது மகள் ஒலிம்பிக்கில் ஐலீன் கூவைப் பார்த்ததிலிருந்து தலைகீழ் சுழற்சி பழக வேண்டும் என்கிறாள். ஏர்பேக் வைத்த பயிற்சி முகாம் ஒன்று இருக்கிறது. சேர்க்கலாமா?

பதில்: பெய்ஜிங் 2022-இல் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி வாங்கியவரைப் பார்த்து ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சேர்க்கலாம், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

காற்றுப் பை தட்டையானதா, இறங்கும் சரிவு வடிவில் அமைந்ததா? தட்டைப் பையில் சுழற்சி பழகலாம். முதுகில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. அதனாலேயே இறங்கும் பழக்கம் அதில் வராது. சரிவு வடிவப் பையில்தான் ஸ்கீயில் இறங்கி வழுக்கிப் போக முடியும். டிராம்போலின் பயிற்சி முகாமில் இருக்கிறதா? காற்றில் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு வளர்வது அங்கேதான். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள்? காணொளி எடுத்து அன்றைக்கே காட்டுவார்களா? வானிலை கெட்டால் பணம் திரும்புமா, மாற்று நாளா? லிஃப்ட் கட்டணம் உள்ளடக்கமா?

இன்னொரு கேள்வி மிக முக்கியம்: பெரிய ஜம்புக்குப் போகலாம் என்று முடிவு செய்வது யார்? "பிள்ளைகளே முடிவு செய்வார்கள்" என்று பதில் வந்தால் தயங்குங்கள். கூட இருக்கும் பிள்ளைகள் போகிறார்கள் என்பதற்காக இவளும் போவாள். "எல்லோரும் கடைசி நாளில் செய்துவிடுவார்கள்" என்று உறுதி கொடுக்கும் முகாமையும் விட்டுவிடுங்கள். தலைகீழ் சுழற்சியையே தடை செய்திருக்கும் பார்க்குகளும் உண்டு, உங்கள் பக்கத்துப் பார்க்கின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளரும் பிள்ளை என்று ஒரு அளவு கூட பூட்டும் ஹெல்மெட்டும் வாங்காதீர்கள். பருவ வாடகை கிடைத்தால் அதுவே நல்லது.

கேள்வி: வாடகை ஸ்கீயில் பார்க்குக்குப் போனால் பிரச்சினை வருமா? காப்பீடு இருக்கிறது.

பதில்: வாடகை ஒப்பந்தத்தில் ரெயிலால் வரும் சேதத்தை விலக்கியிருக்கிறார்களா என்று படியுங்கள். ரெயிலில் விளிம்பு இரும்பு விரிசல் விட்டால் அது பெரும்பாலும் சரிசெய்ய முடியாத சேதம். எடுக்கும்போதே விளிம்பையும் அடிப்பாகத்தையும் படம் எடுத்து வையுங்கள். பழைய ஸ்கீ வாங்குபவர்களும் இதையேதான் பார்க்க வேண்டும்: பாதத்துக்குக் கீழே விளிம்பு விரிசல், பக்கவாட்டில் அடுக்கு பிரிதல், மேலே எத்தனை பழைய துளைகள் என்று.

காப்பீட்டில் "பனிச்சறுக்கு உண்டு" என்ற ஒரு வரி போதாது. பார்க், ஜம்ப், போட்டி, ஹெல்மெட் அணியாமை ஆகியவை விலக்கப் பட்டியலில் இருக்கின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலையிலிருந்து மீட்டுக் கீழே கொண்டுவரும் செலவு தனி வரியாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மருத்துவச் செலவுக்குள் அது தானாக அடங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம்.