ஒரு பெரிய வெற்றிப் படத்தை மௌனப் படமாக மாற்றினால் எப்படி இருக்கும்?

மௌனப் படம் என்றால், பாத்திரங்கள் கதைப்பது நமக்குக் கேட்காத படம். முகமும் உடலசைவும்தான் கதை சொல்லும். தவிர்க்கவே முடியாத வசனம் மட்டும் இடையிடையே எழுத்து அட்டையாகத் திரையில் வரும்.

2015இல் வந்த 'பாகுபலி'யை எடுங்கள். நாயகன் சிவலிங்கத்தைப் பெயர்த்துத் தோளில் சுமந்து அருவிக்கடியில் வைக்கும் காட்சிக்கு ஒரு சொல்லும் தேவையில்லை. ஆனால் அரியணை யாருக்கு என்ற அரண்மனைப் பேச்சுகளை அப்படியே வைத்தால் அட்டைகள் குவிந்து படம் நொண்டும். அட்டையை வாசிக்கும் நேரத்தில் நடிகரைப் பார்க்க முடியாதே! அதனால் பேச்சை வெட்டி, ஒரு பார்வையிலோ கையசைவிலோ காட்ட வேண்டும். (பஞ்ச் வசனத்தை நம்பி ஓடிய படங்களின் பாடுதான் திண்டாட்டம்.)

பேச்சில்லாமலே கதை புரியும் என்பதற்கு, திருகோணமலைக் கரையில் கரைவலை (கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய மீன்வலை) இழுப்பதைத் தூரத்தில் நின்று பாருங்கள். அலை இரைச்சலில் பேச்சு ஒன்றும் கேட்காது. ஆனாலும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி யார், மீன் பட்டிருக்கிறதா என்பது ஆட்களின் நடையிலேயே தெரிந்துவிடும்.

டிவியின் சத்தத்தை நிறுத்தினாலே மௌனப் படம் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மௌனப் படங்கள் ஓடிய அந்தக் காலத்து அரங்குகளிலேயே பியானோவோ வாத்தியக் குழுவோ படத்துக்கேற்ப நேரடியாக வாசித்ததுண்டு, ஆகவே இசை தாராளமாக இருக்கலாம்.