வேதாகமக் கேள்வி–பதில்: விசுவாசமா, கிரியையா?

கேள்வி: நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கிரியைகள், அதாவது செயல்கள், இல்லாமல் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறோம் என்கிறது ரோமர் 3:28. விசுவாசம் மட்டும் போதாது, கிரியைகளும் வேண்டும் என்கிறது யாக்கோபு 2:24. ரோமருக்கு எழுதிய பவுல், யாக்கோபு இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு இழுக்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: முடிச்சு அவிழ்வதும் ஆபிரகாமிடம்தான். ஆதியாகமம் 15, 16, 17, 22 ஆகிய அதிகாரங்களை வரிசை மாறாமல் வாசியுங்கள். 15:6-இல் அவர் கர்த்தரை விசுவாசிக்கிறார். அது அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. அதன்பின் அவருடைய மகன் இஸ்மவேல் பிறக்கும்போது அவருக்கு வயது 86 (16:16). விருத்தசேதனம் (நுனித்தோலை நீக்கும் உடன்படிக்கைச் சடங்கு) செய்துகொண்டபோது 99 (17:24). ஆக, நீதியாக எண்ணப்பட்டுக் குறைந்தது 13 வருடம் கழித்தே விருத்தசேதனம். ரோமர் 4:10-இல் பவுல் பிடிப்பது இந்த முன்பின்னைத்தான். விருத்தசேதனம் இல்லாமல் புறஜாதியாருக்கு (யூதரல்லாதவர்களுக்கு) இடமில்லை என்று வாதித்தவர்களுக்கு வாயடைக்கும் பதில் அது.

நிருபம் (கடிதம்) எழுதிய யாக்கோபு போய் நிற்பது, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் 22-ஆம் அதிகாரத்தில். ஈசாக்கு பிறந்து, விறகு சுமந்து மலையேறும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். யாக்கோபும் 15:6-ஐ மேற்கோள் காட்டுகிறார். அந்த வாக்கியம் பலிபீடத்தருகே நிறைவேறிற்று என்கிறார் (2:23). இதைக் கவனிக்காமல் 2:24-ஐ மட்டும் பிய்த்தெடுப்பதால்தான் பாதிக் குழப்பம். அவருடைய எதிராளியும் வேறு ஆள்: உடுப்பும் அன்றாட ஆகாரமும் இல்லாதவர்களிடம், குளிர்காயுங்கள், பசியாறுங்கள் என்று வாயாலேயே வழியனுப்புகிறவன் (2:15, 16). தேவன் ஒருவரே என்று நம்புகிறாயா, நல்லது. பிசாசுகளும் நம்பி நடுங்குகின்றன என்கிறார் (2:19). நல்ல குத்தல்!

அதற்காக, இருவரும் சொல்வது ஒன்றே என்று மழுப்பவும் வேண்டாம். பவுலின் போதனையைச் சோம்பலுக்குச் சாக்காக்கியவர்களைத்தான் யாக்கோபு சாடுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1522-இல் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்றே எழுதி, புதிய ஏற்பாட்டின் கடைசிப் பகுதிக்குத் தள்ளினார். அதே லூத்தர் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசத்தால் நன்மை செய்யாமல் இருக்கவே முடியாது என்கிறார்! இரட்சிப்பு கிருபையால், கிரியைகளால் அல்ல என்னும் எபேசியர் 2:8, 9-ஐ மனப்பாடம் செய்கிறவர்கள் 10-ஆம் வசனத்தையும் சேர்த்துக்கொள்ளட்டும். நற்கிரியைகள் அங்கே காத்திருக்கின்றன.

கேள்வி: சிலுவையில் மனந்திரும்பிய கள்ளன் என்ன கிரியை செய்தான்?

பதில்: லூக்கா 23:40–42-ஐப் பாருங்கள். மற்றவனைக் கண்டித்தான், தன் தண்டனை நியாயமென்று ஒத்துக்கொண்டான், இயேசு குற்றமற்றவர் என்று சாட்சி சொன்னான். அந்த நிலையில் வேறென்ன முடியும்? ஆனால் அவனை முன்மாதிரியாகக் காட்டி, கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள், பக்கத்திலேயே இன்னொரு கள்ளன் தொங்கினதை மறக்கிறார்கள்.

கேள்வி: இதில் கத்தோலிக்கருக்கும் லூத்தரன் சபைக்கும் இன்னும் சண்டைதானா?

பதில்: பழைய சூடு இல்லை. கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் (ஆயர்களின் பொதுச் சங்கம்) 1547-இல், வேறெதுவும் வேண்டாத விசுவாசம் மட்டும் போதும் என்ற போதனையைச் சபித்தது. ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் இரு தரப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: இரட்சிப்பு கிருபையால், நம் தகுதியால் அல்ல, நற்கிரியைகள் அதன் கனி. மெதடிஸ்டுகள் 2006-இலும் சீர்திருத்த சபைகள் 2017-இலும் இதில் சேர்ந்துகொண்டன. நற்கருணைப் பந்தியில் மட்டும் இன்னும் ஒன்றுசேரவில்லை. அதற்குக் காரணங்கள் வேறு.