மில்லேயின் பெண்கள் செம்பனைத் தோட்டத்தில்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் மில்லே வரைந்த ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ ஓவியத்தை, எங்கள் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் பெண்களை வைத்து வரைகிறேன். பிரெஞ்சுக்காரிகளுக்குக் கைலி கட்டிவிட்ட மாதிரியே வருகிறது. எங்கே பிழை? அதை விற்கலாமா?
— வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: பிழை வெளிச்சத்தில் இருக்கிறது. மில்லே 1857இல் வரைந்தது அறுவடை முடிந்த திறந்த வயல். அடிவானம் உயரத்தில் ஓடும். குனிந்த முதுகுகள் அதற்குக் கீழே அடங்கிவிடும். செம்பனைக்கு அடியில் ஏது அடிவானம்? அந்த வானத்தை அப்படியே வைத்து நாலு மரத்தைச் சேர்த்தால் பெண்கள் ஒட்டவைத்தது போலத்தான் நிற்பார்கள். அடிவானம் இருந்த உயரத்தில், மரவரிசைகள் ஒடுங்கிச் சேரும் இடத்து வெளிச்சத்தை வையுங்கள்.

ஹாலந்திலிருந்து பிரான்சுக்கு வந்த ஓவியர் வான் கோ, 1889–90இல் மில்லேயின் பல படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சிலிருந்து மறுபடி வரைந்தார். உருவம் மில்லேயுடையது, நிறம் இவருடையது. நீங்களும் கறுப்பு வெள்ளை அச்சை மட்டும் எதிரே வையுங்கள்.

மூலம் 83.5 × 110 செ.மீ. 60 × 80 கேன்வாஸ் கிட்டத்தட்ட அதே விகிதம். 10 செ.மீ. கட்டமாக 6 வரிசை, 8 நிரல்; அச்சையும் அதேபோல் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கப் பெண் ஒரு கையை முதுகில் மடக்கியிருப்பதை விட்டுவிடாதீர்கள், இடுப்புவலி அதில்தான் தெரிகிறது. மடியில் சேர்ப்பதை மட்டும் மாற்றிச் சாக்கு வையுங்கள். மில்லேயின் பெண்கள் பொறுக்கியது அறுத்தவர்கள் விட்டுப்போன மிச்சம். உதிரிப்பழமோ குலையில் நன்றாகப் பழுத்து விழுந்தது, எண்ணெய் மிகுந்தது. சாக்கு கனத்து மண்ணில் அமுங்கட்டும்.

நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரீன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) கலந்தால் போதும். வண்ணக் குழாயிலிருந்து அப்படியே எடுத்த பச்சை கண்ணைக் குத்தும், அதே நீலத்தில் எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) சேருங்கள். பழத்தின் ஆரஞ்சைக் கடைசியில், கொஞ்சமாக வையுங்கள். வாரி இறைத்தால் நீலநிழல் செத்துவிடும்.

எண்ணெய் வண்ணமென்றால் அடிப்பூச்சு டர்பன்டைனில் மெலிதாக இருக்கட்டும். மேலே போகப் போக எண்ணெய் கூடலாம். தலைகீழாகச் செய்தால் மேல்பூச்சு வெடிக்கும். மழைமாதத்தில் சுவரோடு ஒட்டி வைத்தால் கேன்வாஸின் பின்புறம் பூசணம் பிடிக்கும்; இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

வலப்பக்கம் தூரத்தில் குதிரைமேல் கண்காணிப்பாளர் இருக்கிறாரே, அங்கே மோட்டார் சைக்கிளில் மண்டோரை (தோட்ட மேற்பார்வையாளரை) வையுங்கள். பெரிதாக்காதீர்கள், அந்தத் தூரம்தான் பேசுகிறது.

விற்பதற்குத் தடையில்லை. மில்லே 1875இல் இறந்தார், பதிப்புரிமை எப்போதோ முடிந்தது. படத்தின் பின்னால் ‘மில்லேயைத் தழுவியது’ என்று எழுதிவையுங்கள். பெண்களின் முகம் அடையாளம் தெரிகிற மாதிரி வரைந்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள்.