நிலநடுக்கம்: ரிக்டர் எண்ணைவிட பில்லர் ரிங் முக்கியம்

கேள்வி: கோவையில் தரைத்தளத்தை பார்க்கிங்குக்கு விட்டு, மேலே இரண்டு மாடி கட்டப்போகிறோம். நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டும் என்று இன்ஜினியர் கூடுதல் கம்பி கேட்கிறார். உலகிலேயே பெரியதான சிலி நிலநடுக்கத்தில்கூட (9.5) சில ஆயிரம் பேர்தான் இறந்தார்களாம். நம் ஊரில் வந்தால் 5, 6 வரும். அதற்கு இவ்வளவு செலவு தேவையா?

பதில்: இன்ஜினியர் கேட்பதைக் கொடுத்துவிடுங்கள். சிலி பற்றி நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அதை வைத்து நீங்கள் வந்திருக்கும் முடிவு ஆபத்தானது.

1960 மே 22, ஞாயிறு பிற்பகலில் சிலியின் வால்டிவியா பகுதியில் வந்த அந்த 9.5-தான் கருவிகளில் பதிவானதிலேயே பெரியது. முந்தைய நாளே அங்கே பெரிய அதிர்வு வந்திருந்தது. அன்றும் சற்று முன்னதாக நிலம் ஆடியதால் பலர் ஏற்கெனவே வீட்டை விட்டு வெளியே நின்றார்கள். அதுவே ஏராளமான உயிர்களைக் காத்தது.

அடுத்து ஹைட்டி. 2010 ஜனவரி 12, வெறும் 7.0. எண் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் வால்டிவியாவின் ஆற்றல் ஹைட்டியைப் போல ஐயாயிரம் மடங்குக்கும் மேல். ஆனால் ஹைட்டியில் இறந்தவர்கள், பெரும்பாலான மதிப்பீடுகளின்படி ஒரு லட்சம் பேருக்கும் மேல். அதிர்வு ஆழமில்லாமல், தலைநகரை ஒட்டியே வந்தது. தரமில்லாத சிமென்ட் பிளாக் சுவர்கள்மேல் கனமான கான்கிரீட் கூரை போட்டிருந்தார்கள். அது அப்படியே மக்கள்மேல் இறங்கியது. ஆறு வாரம் கழித்து சிலியில் மறுபடி 8.8 வந்தபோது இறந்தவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம். அங்கே கட்டட விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். கட்டமைப்பில் குறை இருந்தால் பத்து ஆண்டு வரை சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும்.

அதிக உயிர்களைக் குடித்தது 1556-ல் சீனாவின் ஷான்சியில் வந்தது. சுமார் 8,30,000 பேர் என்கிறார்கள்; மென்மையான வண்டல் மண் மேட்டைக் குடைந்த குகை வீடுகளில் பெரும்பாலோர் வசித்தார்கள். 2004 சுமத்ரா (9.1) வேறு கதை, அங்கே கொன்றது பெரும்பாலும் கடல்.

சரி, உங்கள் '5, 6' கணக்குக்கு வருவோம். 1993 செப்டம்பர் 30 விடியுமுன் மகாராஷ்டிராவின் கில்லாரியில் வந்தது 6.2தான். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் தூக்கத்திலேயே போனார்கள். மண் சாந்து வைத்துக் கட்டிய தடித்த கல் சுவர், மேலே கனமான மண் கூரை. அந்தப் பகுதி அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலம் 1-ல் இருந்தது! கோவையிலும் 1900 பிப்ரவரியில் சுமார் 6 அளவில் வந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் எனக்குக் கவலை பார்க்கிங் தளம்தான். மேலே சுவர்கள் சேர்ந்து கெட்டியாக நிற்க, கீழே வெறும் பில்லர்கள். ஆட்டம் முழுவதும் அவற்றின் தலையில் விழும். 2001 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் இப்படித்தான் இடிந்தன. தரைத்தளத்தில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் கொஞ்சம் கான்கிரீட் சுவர் வைக்க முடியுமா என்று இன்ஜினியரைக் கேளுங்கள். வண்டி நிறுத்த இடம் சற்றுக் குறையும், பரவாயில்லை. ஒன்பது அங்குல பில்லருக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், ஓர் அடியாவது வேண்டும்.

அப்புறம் ரிங். பில்லரின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் இதன் நுனியை 90 டிகிரியில் மடித்து விட்டுவிடுவது பல இடங்களில் பழக்கம். ஆடும்போது மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த நுனி பிரிந்துவிடும், நெடுங்கம்பிகள் வெளியே வளையும், பில்லர் நொறுங்கும். நுனியை 135 டிகிரிக்கு, அதாவது பில்லரின் உள்பக்கமாகக் கொக்கி போல மடித்து மூன்று அங்குலம் விடச் சொல்லுங்கள். பீம் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் ரிங் நெருக்கமாக, ஏறத்தாழ மூன்று அங்குலத்துக்கு ஒன்று வர வேண்டும். சந்திப்புக்குள்ளும் ரிங் வேண்டும். கட்டுவது சிரமம் என்று அங்கேதான் விட்டுவிடுவார்கள். கூடும் செலவு, கொஞ்சம் கம்பியும் கம்பி கட்டுபவரின் கூலியும்தான்.

பலகை அடைத்துவிட்டால் இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு முன் டேப்போடு போய் அளந்து, ஒவ்வொரு பில்லரையும் போட்டோ எடுத்து இன்ஜினியருக்கு அனுப்புங்கள். அவர் சரி என்ற பிறகு மேஸ்திரியைக் கான்கிரீட் போடச் சொல்லலாம்.