கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ரசாயனம் குறைந்த சோபா செய்யச் சொல்கிறோம். துணி ஆர்கானிக் காட்டனாக இருந்தால் போதுமா?

போதாது. துணியைக் கடைசியில் பாருங்கள். புது சோபாவில் கண் எரிவது பெரும்பாலும் பசையாலும் பாலிஷாலும்தான். பிளைவுட் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயு, வாடை தெரியாமலே மாதக்கணக்கில் கசியும்.

முதலில் பசை. குஷன் வேலையில் ஸ்பாஞ்சைப் பலகையில் ஒட்ட எஸ்ஆர் (செயற்கை ரப்பர்) பசைதான் வழக்கம். டொலுயீன் போன்ற கரைப்பான் கலந்தது. தண்ணீர்ப் பசை கிடைக்கிறது, ஆனால் மழைக்காலத்தில் காயாமல் இழுக்கும். ஒட்டவே வேண்டாத சோபாவாகச் சொல்லிவிடுங்கள்: மரச்சட்டம், மேலே ரீப்பர் (வரிசையாக அடிக்கும் மெல்லிய மரப்பட்டைகள்), அதன்மேல் கழற்றி எடுக்கும் குஷன்கள். மர இணைப்புக்கு வெள்ளைப் பசை போதும், அதில் பயமில்லை.

சட்டத்துக்கு நன்றாகக் காய்ந்த வேம்பு, பூவரசு, வேங்கை எதுவும் சரி. ரப்பர் மரம் என்றால் போராக்ஸ்-போரிக் அமிலம் ஏற்றியதா என்று கேளுங்கள். ஏற்றாததில் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். ரீப்பர்களுக்கு இடையே 2 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம், குஷன் தொங்கிவிடும். பிளைவுட் தவிர்க்க முடியாத இடத்தில் எம்ஆர் (ஈரம் ஓரளவு தாங்கும்) ரகம் வேண்டாம். அதில் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை. பினாலிக் பசை போட்ட பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) ரகம் வாங்கி, அறுத்த விளிம்புகளில் அரக்கு பாலிஷ் இரண்டு கை அடியுங்கள். அதிகம் கசிவது விளிம்பில்தான்.

உட்காரும் குஷனுக்கு அடியில் 1 அங்குல ரப்பரைஸ்டு காயர் (ரப்பர் பாலில் ஒட்டிய தேங்காய் நார்), மேலே 4 அங்குல இயற்கை லேடெக்ஸ் (ரப்பர் பாலில் செய்த நுரை). ஏமாற்று நடப்பது இங்கேதான், அதனால் தராசு வைத்துப் பாருங்கள். 80 டென்சிட்டி (கன மீட்டருக்கு 80 கிலோ) லேடெக்ஸ் 22க்கு 22 அங்குலம், 4 அங்குல கனம் என்றால் சுமார் இரண்டரைக் கிலோ நிற்க வேண்டும். ஒன்றேகால் கிலோ நின்றால் அது 40 டென்சிட்டி சாதா ஸ்பாஞ்ச். எடை சரியாக இருந்தும், வெட்டிய ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் வெள்ளைப் பொடி உதிர்கிறதா, சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கிறது. சாய்மானத்துக்கு இலவம்பஞ்சு போதும். 5 அங்குலத்துக்கு ஒரு தையல் ஓட்டி அறை பிரிக்காவிட்டால் பஞ்சு கீழே இறங்கிவிடும். பஞ்சை மாதம் ஒருமுறை வெயிலில் போடுங்கள். லேடெக்ஸை வெயிலில் காட்டவே கூடாது, மஞ்சளாகி நொறுங்கும்.

லேடெக்ஸிலும் கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் சேர்க்கிறார்களே என்று யாராவது வருவார்கள். சேர்க்கிறார்கள்தான். ரசாயனமே இல்லாத சோபா என்று நான் எங்கும் சொல்லவில்லை, குறைந்தது என்றுதான் சொல்கிறேன். ரப்பர் ஒவ்வாமை இருப்பவர்களுக்கு லேடெக்ஸும் ரப்பரைஸ்டு காயரும் இரண்டுமே ஆகாது. அவர்களும், பணம் இடிப்பவர்களும் 40 டென்சிட்டி ஸ்பாஞ்சை ஒட்டாமல் உறையில் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். தீப்பிடிக்காத ஸ்பாஞ்ச் என்று மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் 1975இல் வந்த விதியால் சோபா ஸ்பாஞ்சில் தீத்தடுப்பு ரசாயனம் ஏற்றினார்கள். அது வீட்டுத் தூசியில் கலப்பது தெரிந்தபின், 2013இல் அந்த ரசாயனம் இல்லாமலே தேறும்படி சோதனையை மாற்றினார்கள்.

இப்போது துணி. ரெக்சின் வேண்டாம், பிவிசியும் அதை மெத்தென்று வைக்கும் தாலேட்டும் அதில் இருக்கும். கரூர் பக்கத்துக் கனமான காட்டன், 300 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 300 கிராம்) மேல், கறை பிடிக்காத பூச்சு இல்லாததாகக் கேளுங்கள். 54 அங்குல அகலத்தில் 7 மீட்டர் கணக்கு வந்தால் 8 வாங்கி, ஓர் இரவு ஊறவைத்துக் காயவைத்தபின் வெட்டச் சொல்லுங்கள். தைத்தபின் துவைத்தால் சுருங்கி ஜிப் ஏறாது. உள்ளுறைக்குத் துவைத்த காடா துணி.

மெலமைன் பாலிஷ் வேண்டாம், அரக்கு பாலிஷ் போதும். சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும், மறுபடி ஒரு கை அடித்தால் போய்விடும். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள்.

இன்னொன்று, கேட்காததுதான். வெளிநாட்டுச் சான்றிதழ் ஒட்டிய துணிக்கு வாய் திறக்காமல் பணம் கட்டுகிறவர்கள், தையல் கூலியில் 500 ரூபாய் குறைக்க அரைமணி நேரம் நிற்கிறார்கள். உள்ளுறை 6, மேலுறை 6, எல்லாவற்றுக்கும் ஜிப், பைப்பிங். அத்தனையும் ஒரு ஆள் குனிந்து தைப்பது. சோபாவைப் பசை இல்லாமல் நிற்க வைப்பதே அந்தத் தையல்தான். அங்கே பேரம் பேசாதீர்கள்.