மூன்று மாதமாக ஆறாத வாய்ப்புண்

கேள்வி: எனக்கு வயது 46, ஊர் பெரம்பூர். மூன்று மாதமாக வாயெல்லாம் புண். உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரை, பி காம்ப்ளக்ஸ் மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. பல் தேய்த்தால் ஈறிலிருந்து தோல் உரிந்து வருகிறது. பெம்ஃபிகஸ் என்ற நோயாக இருக்கலாம், பயாப்ஸி (சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுக்கணும் என்கிறார் பல் டாக்டர். உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லையே, அவசியமா? பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

பதில்: அவசியம்தான், தள்ளிப்போடாதீர்கள். சாதாரண வாய்ப்புண் வட்டமாக, நடுவில் மஞ்சள் பூத்து, ஓரம் சிவந்திருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். மூன்று மாதம் நீடித்தால் கீரையைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்ற வகை பெரும்பாலானவர்களுக்கு வாயில்தான் தொடங்கும். தோலில் கொப்புளம் வர மாதக்கணக்காகலாம், வராமலே போகலாம். வாயிலும் கொப்புளம் கண்ணில் படுவது அபூர்வம். மேல்தோல் அவ்வளவு மெல்லிசு. ஒரு வாய் சோறு மெல்வதற்குள் உடைந்து, கோணல்மாணலான செம்புண்ணாகிவிடும். செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் டெஸ்மோக்ளீன் என்ற புரதத்தை நம் எதிர்ப்பு சக்தியே தாக்குவதால் வரும் கோளாறு இது. கிருமி இல்லை, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பிள்ளைகளுக்கு ஒட்டாது.

பயாப்ஸிக்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். புண்ணின் நடுவில் எடுத்தால் விடை கிடைக்காமல் போகலாம். ஓரத்தில் எடுக்க வேண்டும். புண்ணை ஒட்டிய நல்ல சதையிலிருந்து இன்னொரு துண்டு, சதையில் படிந்த எதிர்ப்புப் புரதங்களை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனைக்கு. அதை ஃபார்மலினில் போட்டால் வீண், அதற்கென்று தனித் திரவம் உண்டு. அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் தோல் பிரிவிலோ காட்டலாம்.

உறுதியானால் ஸ்டீராய்டு, அசதயோப்ரின், ரிட்டுக்சிமாப் என்று எந்த மருந்து என்பதைத் தோல் மருத்துவர் தேவைக்கேற்ப முடிவு செய்வார். புண் ஆறிவிட்டதே என்று ஸ்டீராய்டை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், அது ஆபத்து. ஸ்டீராய்டால் ஏறக்கூடும் என்பதால் சர்க்கரை, பிரஷர் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

அதுவரை மிருதுவான பிரஷ், நுரை குறைந்த பேஸ்ட். முறுக்கு, அப்பளம், ஊறுகாய், கொதிக்கும் ரசம் வேண்டாம். குழைந்த தயிர்சாதம் சரி, ஆனால் மிளகாய் தாளிக்காமல். ஸ்டீராய்டு எடுக்கும்போது வழித்தால் வரும் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சை. அதற்குத் தனி மருந்து. பல் பிடுங்கப் போனால் முதலில் நோயைச் சொல்லிவிடுங்கள். தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை, குரல் கம்முகிறது, கண் சிவந்து உறுத்துகிறது என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.